உள்ளங்கைக் கதைகளும் மூடி வைத்த கிழங்கும்

பினாங்கு சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. கீழே ஊறுகாய் மாங்காய் வாசம், மேலே பழைய காகித வாசம். சுங்கை பட்டாணியிலிருந்து பட்டர்வொர்த் போய், ஃபெர்ரி ஏறி, வேறு ஏதோ காரியமாகப் போனவன்தான் நான். என்ன காரியம் என்பதுகூட இப்போது மறந்துவிட்டது. கையில் மிச்சமிருந்த பன்னிரண்டு வெள்ளிக்கு ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். யசுனாரி கவாபட்டாவின் உள்ளங்கைக் கதைகள், ஆங்கிலத்தில். லேன் டன்லப், மார்ட்டின் ஹோல்மன் என்ற இருவர் 1988இல் மொழிபெயர்த்தது. உள்ளே எழுபது கதைகள்.

எழுபது கதை என்றாலும் மெலிந்த புத்தகம்தான். மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். வாங்கியது 2009இல். இன்னும் ஐந்தாறு கதைகளைப் படிக்காமல் வைத்திருக்கிறேன்.

முதல் நாள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். முறுக்கு டின்னைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் மாதிரி ஒரே ராத்திரியில் இருபது கதைகளை விழுங்கினேன். இரண்டு பக்கம், மூன்று பக்கம், அடுத்தது, அடுத்தது. காலையில் எழுந்து யோசித்தால் ஒன்றுமே ஞாபகம் இல்லை. யாரோ ஒரு பெண், ஒரு குடை, ஒரு ரயில் நிலையம், மழை. எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தது. இவ்வளவுதானா இந்த நோபல் பரிசுக்காரர் என்றுகூடத் தோன்றியது.

பிறகு ஒருநாள் டோபிக் கடையில் துணி காயக் காத்திருந்தபோது, பக்கத்து மாமாக் கடையில் ஒரு தே தாரிக் வாங்கி வைத்துக்கொண்டு ஒரே ஒரு கதை படித்தேன். தே தாரிக் ஆறுவதற்குள் கதை முடிந்துவிட்டது. அடுத்ததற்குப் பக்கத்தைத் திருப்ப மனசு வரவில்லை. துணி காய்ந்து, இயந்திரம் நின்று, அடுத்த ஆள் என் துணிகளை எடுத்து வெளியே போட்டது வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து கணக்கு இதுதான்: ஒரு உட்காரலுக்கு ஒரு கதை.

அன்று படித்தது வெட்டுக்கிளியும் மணிப்பூச்சியும் பற்றிய கதை. 1924இல் எழுதியது. ராத்திரி நேரம், ஒரு பல்கலைக்கழக மதிலோரப் புதரில் பிள்ளைகள் விளக்கு வைத்துக்கொண்டு பூச்சி தேடுகிறார்கள். விளக்குகளை அவர்களே செய்திருக்கிறார்கள். அட்டையை வெட்டி, வண்ணக் காகிதம் ஒட்டி, தங்கள் பெயரையும் அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பையன், யாருக்காவது வெட்டுக்கிளி வேண்டுமா என்று கத்துகிறான். வேண்டும் என்று நாலு பேர் ஓடி வருகிறார்கள். அவன் கொடுக்காமல் மறுபடியும் கத்துகிறான். ஒரு பெண்பிள்ளை வந்து கேட்ட பிறகுதான் கையைத் திறக்கிறான். அவள் வாங்கிப் பார்த்தால் அது வெட்டுக்கிளி இல்லை, கிடைப்பதற்கு அரிய மணிப்பூச்சி.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதை, அவ்வளவுதான். ஆனால் கவாபட்டா இன்னொன்றையும் பார்க்கிறார். பையனின் விளக்கில் வெட்டியிருக்கும் அவன் பெயர் பச்சை வெளிச்சமாக அந்தப் பெண்ணின் வெள்ளை உடையில் நெஞ்சுமேல் விழுந்திருக்கிறது. அவள் பெயர் மங்கலான சிவப்பில் அவன் இடுப்பருகே ஆடுகிறது. இரண்டு பேருக்கும் அது தெரியாது. என்றைக்கும் தெரியப்போவதில்லை. பார்த்தவன் வழியில் போன ஒருவன் மட்டும்தான்.

எங்கள் தோட்டத்தில் நாங்களும் விளக்குச் செய்திருக்கிறோம். மைலோ டின்னில் ஆணியால் ஓட்டை போட்டு, உள்ளே மெழுகுவர்த்தி. பெயரெல்லாம் வெட்டத் தெரியாது, புள்ளி புள்ளியாகத்தான் வெளிச்சம் விழும். பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம். ஜெராய் மலை எப்போதும் ஒரு பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும். விடிவதற்கு முன் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு அம்மாக்கள் எல்லாரும் நெற்றியில் கார்பைட்டு லைட்டோடு நிரைக்குள் போவார்கள். லயத்து வாசலில் தூக்கக் கலக்கத்தோடு நின்று பார்த்தால் மரத்துக்கு மரம் வெளிச்சம் நகரும். எது என் அம்மா என்று தெரியாது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதுதான் என்று நினைத்துக்கொள்வேன். அந்த வெளிச்சம் எத்தனையோ நாள் வேறு யாருடைய அம்மாவாகவோ இருந்திருக்கும். கவாபட்டாவைப் படிக்கும்வரை இதை ஒரு விஷயமாகவே நான் நினைத்ததில்லை.

இந்தக் கதைகளின் தன்மையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழில் ஒரு பக்கக் கதை என்றதும் நமக்குக் கடைசி வரித் திருப்பம்தான் ஞாபகம் வரும். மாமியாரைத் திட்டிக்கொண்டே வந்த மருமகள் கடைசியில் காலில் விழுவாள். பிச்சைக்காரன் கோடீசுவரனாக இருப்பான். நானும் ஞாயிறு பதிப்புகளுக்கு அப்படி எழுதி அனுப்பியிருக்கிறேன், இரண்டு வெளிவந்தும் இருக்கின்றன. இப்போது எடுத்துப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. நம் நாட்டில் சிறுகதைக்கென்று 1950இல் தமிழ் நேசன் நாளிதழ் ‘கதை வகுப்பு’ நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய அந்த வகுப்பிலிருந்துதான் ஒரு தலைமுறையே எழுத வந்தது. கதை எப்படி முடிய வேண்டும் என்ற கவலை நமக்கு அப்போதிருந்தே உண்டு. கடைசிப் பத்தியில் ஒரு புத்திமதி வைக்காவிட்டால் தூக்கம் வராது. எங்கள் கெடாக்காரரான சீ. முத்துசாமி போல அந்தக் கவலையை உதறிவிட்டு எழுதியவர்கள் குறைவு.

கவாபட்டாவுக்குத் திருப்பமும் கிடையாது, புத்திமதியும் கிடையாது. கதை முடிவதில்லை, அவர் எழுந்து போய்விடுகிறார். மற்றவர்கள் இளமையில் கவிதை எழுதுவார்கள், நான் அதற்குப் பதிலாக இதை எழுதினேன் என்ற பொருளில் அவரே சொல்லியிருக்கிறார். மொத்தம் நூற்று நாற்பதுக்கு மேல். பாதிக்கு மேற்பட்டவை இருபதுகளில் எழுதியவை. ஆனால் சாகிற வருடம்வரை விடவில்லை. 1972இல், கடைசியாக, தன் புகழ்பெற்ற நாவலான ‘பனிநாடு’ முழுவதையும் ஒரு உள்ளங்கைக் கதையாகச் சுருக்கினார். பெரிய காரியம் என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மிச்ச கதைகள் உள்ளங்கையிலேயே பிறந்தவை. இது மட்டும் பெரிய வேட்டியை வெட்டித் தைத்த சட்டை மாதிரி, தையல் தெரிகிறது.

மிகவும் பிடித்தது ஒரு பஸ் கதை. பெயரே ‘நன்றி’. 1925. மலைப்பாதையில் ஓடும் பஸ்ஸின் ஓட்டுநர், வழிவிடும் ஒவ்வொரு வண்டிக்காரனுக்கும், ரிக்‌ஷாக்காரனுக்கும், குதிரைக்கும்கூட நன்றி சொல்லிக்கொண்டே போகிறான். அந்த பஸ்ஸில் ஒரு தாய் தன் மகளை விற்பதற்காகப் பட்டணத்துக்குக் கூட்டிப்போகிறாள். விற்பதற்கு. அந்தச் சொல்லைக் கவாபட்டா ஒரு மூட்டைக் கிழங்கைப் பற்றிப் பேசுவது போலச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார். ஓட்டுநர் நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். மகளுக்கு அவன்மேல் ஆசை என்பது தாய்க்குத் தெரியவருகிறது. ஒரு ராத்திரி போகிறது. மறுநாள் அதே பஸ்ஸில் தாயும் மகளும் ஊருக்குத் திரும்புகிறார்கள். குளிர்காலம் போகட்டும், வசந்தம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் ஏற்பாடு. தப்பித்தாள் என்று நாம் நினைத்துக்கொள்ளலாம். தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். இந்தக் கதையை ஹிரோஷி ஷிமிஸு 1936இல் படமாகவும் எடுத்திருக்கிறார்.

கவாபட்டாவின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டபோது இந்தச் சின்னக் கதைகள் ஏன் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கின்றன என்று கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. 1899இல் ஒசாகாவில் பிறந்தவர். இரண்டு வயசு முடிவதற்குள் அப்பா போய்விட்டார், அடுத்த வருடம் அம்மா. ஏழு வயசில் பாட்டி. அப்புறம் அக்கா. மிச்சமிருந்தது கண் தெரியாத தாத்தா ஒருவர்தான். அவரும் 1914இல் இறந்துபோனார். பதினைந்து வயசு ஆவதற்குள் அந்தப் பையன் ஐந்து சாவு பார்த்துவிட்டான். சாவு வீட்டு நிபுணன் என்று தன்னைப் பற்றியே ஒரு கதை எழுதியிருக்கிறார். ‘வெயில் படும் இடம்’ என்ற உள்ளங்கைக் கதையில், மனிதர்களின் முகத்தை வெறித்துப் பார்க்கும் பழக்கம் தனக்கு எப்படி வந்தது என்று ஒருவன் யோசிக்கிறான். கண் தெரியாத தாத்தாவோடு வளர்ந்தவன் அவன். எவ்வளவு நேரம் முகத்தைப் பார்த்தாலும் அவருக்குத் தெரியாதே.

இதுவரைக்கும் எழுதியதெல்லாம் எந்த ஊர்க்காரனும் எழுதக்கூடியது. ஆனால் நான் கெடாவில் உட்கார்ந்து ஒரு ஜப்பானியரைப் படிக்கிறேன். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஜப்பான் என்றால் நாடு இல்லை, காலம். ‘ஜப்பான்காரன் காலத்துல’ என்று ஆரம்பித்தால் பெரியவர்கள் குரல் மாறிவிடும். 1941 டிசம்பரில் அவர்கள் வந்தது எங்கள் வழியாகத்தான். முதல் நாளே சுங்கை பட்டாணி விமானத் திடலில் குண்டு விழுந்தது. ஜித்ராவில் வெள்ளைக்காரன் பட்டாளம் மூன்று நாள்கூட நிற்கவில்லை, குருணிலும் நிற்கவில்லை. துரைமார்கள் தோட்டத்தை விட்டுவிட்டு ஓடினார்கள். 1943 அக்டோபரில் கெடாவைத் தூக்கிச் சயாமிடம் கொடுத்தார்கள். சைபுரி என்று பெயர்கூட மாறியது. அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கு. துணி இல்லை, சாக்கு. வாழைமரம் போட்ட நோட்டு. பாட்டிக்குச் சாகிறவரைக்கும் இச்சி, நி, சான், சி, கோ என்று பத்துவரை எண்ணத் தெரியும். அதைத் தவிர வேறு எந்த எழுத்தும் எண்ணும் அவர் பள்ளிக்கூடத்தில் கற்றதில்லை.

அதைவிடப் பெரியது சயாம் ரயில். பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாத் வரை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி, அரிசி என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். வர மறுத்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் மயானத்தைப் போய்ப் பார்த்தேன். ஏறக்குறைய 7,000 கல்லறைகள், வெட்டிச் செதுக்கிய புல், கல்லுக்குக் கல் பெயர், வயசு, படைப்பிரிவு. காலராவில் போன தமிழர்களுக்குக் குழி இருந்திருக்கும், கல் இல்லை. யார் யார் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

பாட்டியின் அண்ணன் அவர்களில் ஒருவர்.

பாட்டி அதை ஒரு கதையாகச் சொல்வார். எப்போது கேட்டாலும் அதே அளவு, அதே சொற்கள். அப்போது அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயசு. காலையில் கிழங்கு வேகவைத்திருந்தார்கள். அண்ணன் பெரட்டுக்குக் கிளம்பும்போது கிழங்கு இன்னும் சூடாக இருந்தது. ‘மூடி வை, வந்து சாப்புடுறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனார். பெரட்டிலேயே லாரியில் ஏற்றிவிட்டார்கள். பாட்டி ஒரு மங்குத் தட்டால் கிழங்கை மூடி வைத்திருந்தார். மூன்றாம் நாள் அது நூல் விட்டுவிட்டது. எடுத்துக் கோழிக்குப் போட்டார்.

நான் சின்ன வயசில் கேட்பேன்: ‘அப்புறம்?’

‘அப்புறம் என்ன. கோழி தின்னுச்சு.’

அவ்வளவுதான் கதை. அண்ணன் பெயரைச் சொல்லமாட்டார். எப்படி இருப்பார், உயரமா குட்டையா, எதுவும் கிடையாது. எத்தனையோ வருடம் எனக்கு அது முழுசாகாத கதையாகத்தான் தெரிந்தது. ஏதோ மறைக்கிறார், இல்லாவிட்டால் மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

கவாபட்டாவின் ‘மாதுளை’யைப் படித்த அன்றைக்குத்தான் உடம்பில் ஏதோ செய்தது. அது எழுதியது 1943. ஒரு ராத்திரிக் காற்றில் மாதுளை மரத்து இலையெல்லாம் உதிர்ந்துபோக, காலையில் பழங்கள் மட்டும் தெரிகின்றன. போருக்குப் போகும் இளைஞன் ஒருவன் சொல்லிக்கொண்டு போக வருகிறான். அவனுக்கு ஒரு மாதுளை கொடுக்கிறார்கள். அவன் கடித்து வைத்துவிட்டுப் போய்விடுகிறான். பிறகு அந்த வீட்டுப் பெண் அதே பழத்தைக் கடிக்கிறாள். புளிப்பு பல்லில் ஏறுகிறது. அவன் வந்தானா என்பதைக் கவாபட்டா எழுதவில்லை.

பாட்டியின் அண்ணன் போனதும் அதே 1943இல்தான். அங்கே ஒருத்தி கடித்த பழத்தை வைத்திருக்கிறாள், இங்கே ஒருத்தி கடிக்காத கிழங்கை. அங்கே போனவன் இங்கே வந்த பட்டாளத்திலேயே இருந்திருக்கலாம். இதை நினைத்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். கொஞ்ச நாள் எடுக்கவே இல்லை. போர்க் காலத்தில் கவாபட்டா என்ன செய்தார் என்று தேடிப் பார்த்தேன். கோபப்படக் காரணம் தேடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதிகம் எழுதவில்லை. காமாக்குராவுக்கும் டோக்கியோவுக்கும் நடுவே, விளக்கு மறைத்த ரயிலில், ஆயிரம் வருடப் பழைய ‘கெஞ்சி’ கதையைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். 1945இல் கடற்படைச் செய்தியாளராகக் கானோயா விமானத் தளத்துக்குப் போயிருக்கிறார். சாகப் போகும் பிள்ளைகள் அங்கிருந்துதான் விமானம் ஏறினார்கள். போர் முடிந்த மறு வருடம் எழுதிய ஒரு கதையில், ஐம்பது சென் வெள்ளிக் காசுகளைச் சேர்த்து ஒரு பெண் கண்ணாடி நாய் பொம்மை ஒன்றை வாங்குகிறாள். காகிதம் பறக்காமல் வைக்கும் கனக் கண்ணாடி. போர் எல்லாவற்றையும் எரித்துவிட்டுப் போன பிறகு அந்தக் கண்ணாடி நாய் மிஞ்சியிருக்கிறது. நாங்களும் சென் என்றுதானே சொல்கிறோம். அந்தக் கதையைப் படிக்கும்போது என் சட்டைப் பையில் ஐம்பது சென் இருந்தது.

இருட்டு ரயிலில் ஒரு மனிதர் பழைய காதல் கதை படிக்கிறார். இன்னொரு ரயிலில், சாமான் பெட்டியில், பாட்டியின் அண்ணன் பாடாங் பெசார் தாண்டிப் போகிறார். இரண்டையும் மனசில் ஒன்றாக வைத்துக்கொள்ள எனக்கு இன்றுவரை வரவில்லை. ஒன்றை எடுத்தால் மற்றது நழுவுகிறது. அதற்காகக் கவாபட்டாவை விட்டுவிடவும் முடியவில்லை.

2012இல் பாட்டி படுக்கையில் விழுந்தார். தோட்டம் அதற்கெல்லாம் முன்பே போய்விட்டது. ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தார்கள், செம்பனையை அழித்து வீடு கட்டினார்கள். நாங்கள் சுங்கை பட்டாணியில் ஒரு தாமானில் வரிசை வீட்டுக்கு வந்திருந்தோம். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது, கேட்கப் பிடிக்கும். லயத்தில் இருந்த காலத்தில் சாயங்காலம் யாராவது பேப்பரை உரக்கப் படிப்பார்கள், சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அந்தப் பழக்கம். நான் தமிழ் நேசனைப் படித்துக் காட்டுவேன். சாவு அறிவிப்புகளை முதலில் கேட்பார்.

ஒருநாள் ராத்திரி, படிக்கப் பேப்பர் இல்லை. ‘மாதுளை’யை எடுத்து அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பெண்ணின் பெயர் வாயில் நுழையாது என்று அதை விட்டுவிட்டேன். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இலை உதிர்ந்த இடத்தில், ‘நம்ம பால்மரம் மாதிரி’ என்றார். ரப்பர் மரமும் வருடத்துக்கு ஒருமுறை அப்படித்தான் மொத்தமாக இலை கொட்டி நிற்கும்.

முடித்ததும், ‘யாரு எழுதுனது?’ என்று கேட்டார்.

‘ஒரு ஜப்பான்காரர், பாட்டி.’

ஜப்பான்காரர் என்று என் வாயிலிருந்து வந்தது எனக்கே புதிதாக இருந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சொல் ‘ன்’னில்தான் முடியும். பாட்டி அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்து விளக்கை அணைக்க எழுந்தேன்.

‘அப்புறம்?’ என்றார்.

‘அப்புறம் ஒண்ணுமில்ல பாட்டி. அவ்வளவுதான் கதை.’

‘அவன் வந்தானா?’

‘எழுதல.’

‘எழுதலன்னா வரலைடா’ என்றார். பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டு, கோழியை அடைச்சாச்சா என்று கேட்டார். அந்த வீட்டில் நாங்கள் கோழி வளர்த்ததே இல்லை. அடைச்சாச்சு என்று சொன்னேன்.